காணாமல் போகும் டி டிரைவ்: ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனின் கதை

"டி டிரைவைக் காணோம்!"

கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் என்றாவது ஒரு நாள் இந்தக் குரல் எழும். நேற்று வரை இருந்த கல்யாணப் புகைப்படங்கள், கடைக் கணக்கு, கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே இரவில் மறைந்திருக்கும். சில சமயம் கறுப்புத் திரையில் "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்ற ஒரு வரி மட்டும் நிற்கும். சில சமயம் "இந்த டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?" என்று விண்டோஸ் மரியாதையாகக் கேட்கும். பதற்றத்தில் "யெஸ்" அழுத்திவிடுவது எளிது. அதுவரை பத்திரமாக இருந்த பைல்கள் உண்மையில் ஆபத்துக்குள் போவது அந்த நொடியில்தான்.

ஒரு பெரிய கிடங்கை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான மூட்டைகள். எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது வாசலில் உள்ள சரக்குப் பதிவேட்டில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பக்கம் கிழிந்துபோனால் மூட்டையே இல்லை என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். ஆனால் மூட்டை வைத்த இடத்திலேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கிலும் பதிவேடு வேறு, சரக்கு வேறு. இந்த இடைவெளிதான் பல வருடங்களாக எத்தனையோ பேரின் பைல்களைக் காப்பாற்றியது. இன்று அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. அது எப்படி உண்டானது, ஏன் சுருங்குகிறது என்பதே இந்தக் கட்டுரை.

கணக்கு எழுதப் பிறந்த டிஸ்க்

முதல் ஹார்ட் டிஸ்க் 1956 செப்டம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் இயங்கிய ஐபிஎம் குழு அதை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கும் மேல் எடை. அதில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். இன்றைய கணக்கில் அது 4 எம்.பி.கூட இல்லை! அந்த டிஸ்க் இருந்த கம்ப்யூட்டரின் பெயர் ராமாக் 305. மாத வாடகை 3,200 டாலர். ராமாக் என்ற சுருக்கப் பெயரில் உள்ள ஒரு எழுத்து "அக்கவுண்டிங்" என்ற சொல்லைக் குறிக்கிறது. வணிகக் கணக்குகளுக்காகவே அது பிறந்தது. காந்த நாடாவில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் பார்க்க முன்னால் உள்ள எல்லாவற்றையும் கடந்து போக வேண்டும். டிஸ்க்கில் நேராக அந்த இடத்துக்கே போகலாம்.

மேசைக்கு வரும் அளவுக்கு அது சிறுக்க 24 வருடங்கள் ஆயின. ஆலன் ஷுகார்ட்டும் அவரது கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம் (பின்னாளில் சீகேட்) 1980-இல் எஸ்டி-506 என்ற 5 எம்.பி. டிஸ்க்கை வெளியிட்டது. அது 5.25 அங்குல வகை டிஸ்க். 1983 மார்ச் 8 அன்று ஐபிஎம் அறிமுகம் செய்த பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டரில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தது. 360 கே.பி. பிளாப்பிகளில் சொன்னால் சுமார் 28 பிளாப்பிகள் பிடிக்கும் இடம். "இதை எப்படி நிரப்புவது?" என்று கேட்கும்படியான இடம் அது.

512 பைட்டில் ஒரு பதிவேடு

பிசி எக்ஸ்டி-யுடன் டாஸ் 2.0 வந்தது. பைல்களைத் தொகுத்து வைக்கும் டைரக்டரி வசதியும், டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளையும் அதில்தான் வந்தன. ஏ, பி என்ற எழுத்துகள் ஏற்கெனவே பிளாப்பி டிரைவ்களுக்குப் போயிருந்ததால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி கிடைத்தது. பிளாப்பி மறைந்து பல வருடங்கள் ஆன பின்பும் விண்டோஸ் இன்றும் சி-யிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

வெறும் 10 எம்.பி.-யை எதற்குப் பிரிக்க வேண்டும்? அந்த நாளில் பிசிக்கு டாஸ் ஒன்றே கதி என்று ஆகியிருக்கவில்லை. சிபி/எம்-86, ஜெனிக்ஸ் ஆகியவையும் போட்டியில் இருந்தன. ஒரே டிஸ்க்கில் பல ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் சண்டையின்றி வாழ வேண்டும் என்பதற்காக டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒரு சிறிய பதிவேடு வைத்தார்கள். இதுவே மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர்.

அதன் மொத்த அளவு 512 பைட். முதல் 446 பைட்டில் கம்ப்யூட்டரைக் கிளப்பும் ஒரு குட்டி புரோகிராம். அடுத்த 64 பைட்டில் தலா 16 பைட் கொண்ட 4 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லும். கடைசி 2 பைட்டில் ஒரு முத்திரை. முத்திரை சரியில்லை என்றால் பயாஸ் அந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பாது. "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்", "இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்" போன்ற பிரபலமான வாக்கியங்களும் அந்த 446 பைட்டுக்குள்தான் எழுதி வைக்கப்பட்டன.

எக்ஸ்டி-யின் டிஸ்க்கில் சுமார் 20,800 செக்டர்கள் இருந்தன. அவற்றில் இந்த ஒரே ஒரு செக்டர் கெட்டால் மற்ற அத்தனையும் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். அதற்கு இன்னொரு பிரதி கிடையாது.

சங்கிலியாக மாறிய பார்ட்டிஷன்

ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கு உள்ளேயும் இன்னொரு பதிவேடு உண்டு. எந்த பைல் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று சொல்லும் ஃபேட் அட்டவணை அது. மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்டு 1977-இல் பேசிக் மொழிக்காக எழுதிய முறை. நல்லவேளையாக இதற்கு மட்டும் இரண்டு பிரதிகள் வைத்தார்கள்.

டாஸ் 3.x காலத்தில் ஒரு பார்ட்டிஷன் 32 எம்.பி.-யைத் தாண்ட முடியாது. டிஸ்க்குகளோ வளர்ந்துகொண்டே போயின. 1987-இல் வந்த டாஸ் 3.3 இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. நான்கு வரிகளில் ஒன்றை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஆக்கி, அதற்குள் பல லாஜிக்கல் டிரைவ்களை வைத்தது. ஒவ்வொரு லாஜிக்கல் டிரைவின் முன்னாலும் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். அது அடுத்த அட்டவணை இருக்கும் இடத்தைக் காட்டும். அது அதற்கடுத்ததைக் காட்டும். ஆக, இது ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ள டிரைவ்கள் எல்லாம் மறையும். சி, டி ஒழுங்காக இருக்க, ஈ, எஃப் மட்டும் சேர்ந்தாற்போல் காணாமல் போவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம்.

1988-இல் டாஸ் 4.0 அந்த 32 எம்.பி. சுவரை உடைத்தது. ஃபேட்16-இன் எல்லை 2 ஜி.பி. ஆனது. ஆனால் 2 ஜி.பி. பார்ட்டிஷனில் இடம் 32 கே.பி. துண்டுகளாகத்தான் ஒதுக்கப்படும். 1 கே.பி. கடிதத்துக்கும் 32 கே.பி. செலவு! வீணாவதைக் குறைக்க மக்கள் டிஸ்க்கைச் சிறுசிறு பார்ட்டிஷன்களாகப் பிரித்தார்கள். 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பில் ஃபேட்32 வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது. பிரிக்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிய டிஸ்க் மாட்டியவர்கள் பலமுறை ஒரே ஏமாற்றத்தைச் சந்தித்தார்கள். வாங்கியது பெரியது, தெரிவது சிறியது. ஒவ்வொரு முறையும் காரணம், பழைய நாளில் யாரோ "இவ்வளவு இடம் போதும்" என்று போட்ட கணக்கு.

முதல் பெரிய சுவர் 528 எம்.பி. பயாஸ் 1,024 சிலிண்டர்களுக்கு மேல் எண்ணாது. ஐடிஇ டிஸ்க் 16 ஹெட்டுகளுக்கு மேல் எண்ணாது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் மற்ற விஷயங்களில் தாராளம்தான். இரண்டும் சேர்ந்து வேலை செய்தபோது இருவரின் கஞ்சத்தனமும் கூடிவிட்டது. 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், 512 பைட் ஆகியவற்றைப் பெருக்கினால் 52 கோடியே 84 லட்சத்து 82 ஆயிரத்து 304 பைட். 1990-களில் அதைத் தாண்ட, டிஸ்க்கின் தொடக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பயாஸுக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்கள் வந்தன. அந்த மென்பொருள் இல்லாமல் பிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் டிஸ்க் காலியாகவோ குப்பையாகவோ தெரியும். விஷயம் தெரியாதவர் அதை நம்பி பார்மட் செய்தால் எல்லாம் போனது.

அடுத்து 8.4 ஜி.பி. சுவர். அதன்பின் 137 ஜி.பி. சுவர். செக்டர் எண்ணை 28 பிட்டில் எழுதியதால் வந்தது அது. 2002-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 1 அதைத் தாண்ட உதவியது. பழைய விண்டோஸில் அந்த எல்லைக்கு அப்பால் எழுத முயன்றால் தகவல் சிதையும் ஆபத்து இருந்தது.

கடைசிச் சுவர் எம்பிஆரின் சொந்தச் சுவர். அந்த 16 பைட் வரியில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். அதனால் 2.2 டி.பி.-க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 2010-இல் 3 டி.பி. டிஸ்க்குகள் வந்தபோது விண்டோஸ் எக்ஸ்பி-யில் சிலருக்கு 746 ஜி.பி. மட்டும் தெரிந்தது. எல்லையைத் தாண்டிய எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதன் மிச்சம் அது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, 1983-இல் பதிவேட்டில் போட்ட கட்டம் சிறியதாகப் போய்விட்டது.

பதிவேடு கிழிந்தாலும் சரக்கு இருக்கும்

1982-இல் பீட்டர் நார்ட்டன் தவறுதலாக ஒரு பைலை அழித்துவிட்டார். மறுபடியும் டைப் அடிப்பதற்குப் பதிலாக, அதை மீட்க ஒரு புரோகிராம் எழுதினார். டாஸ் ஒரு பைலை "அழிக்கும்போது" உண்மையில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். உள்ளே இருப்பதைத் தொடாது. அதன்மேல் வேறு எதையும் எழுதாதவரை மீட்டுவிடலாம். நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் புகழ்பெற்றது இதனால்தான். 1991-இல் எம்எஸ்-டாஸ் 5.0 தானே அன்டெலிட், அன்பார்மட் கட்டளைகளைத் தந்தது.

இதன் மிகப் பெரிய சோதனை 1999 ஏப்ரல் 26 அன்று நடந்தது. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-இல் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்தது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர் பெற்றது. சில மதர்போர்டுகளில் பயாஸையே கெடுத்தது. ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்.பி. முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பியது. எம்பிஆர் போனது, பார்ட்டிஷன் டேபிள் போனது. எல்லாம் முடிந்தது என்றுதான் மக்கள் நினைத்தார்கள்.

ஆனால் அழிந்தது முதல் 1 எம்.பி. மட்டும். ஃபேட்32 உள்ள பெரிய பார்ட்டிஷன்களில் ஒரு ஃபேட் பிரதியே 1 எம்.பி.-யை விடப் பெரியது. எனவே இரண்டாவது பிரதி தப்பியிருந்தது. ஸ்டீவ் கிப்சன் எழுதிய ஒரு சிறிய இலவசப் புரோகிராம் அதைத் தேடிப் பிடித்து, அழிந்த முதல் பகுதியைத் திரும்பக் கட்டியது. சிறிய ஃபேட்16 பார்ட்டிஷன் வைத்திருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு பிரதிகளும் அந்த 1 எம்.பி.-க்குள்ளேயே இருந்தன. மற்றவர்களில் பைல்களை நிரந்தரமாக இழந்தவர்கள், நிலைமை புரியாமல் உடனே பார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள்.

கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளும் இதே நம்பிக்கையில் இயங்குகிறது. டிஸ்க் முழுவதையும் தேடி, ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்க அடையாளத்தையும் கண்டுபிடித்து, கிழிந்த பதிவேட்டை மறுபடி எழுதும். மூட்டைகளைப் பார்த்துப் பதிவேட்டை எழுதுவது போன்ற வேலை.

குறிப்பேடும் பேரேடும்

கணக்குப் பதிவியலில் எந்த நடவடிக்கையும் முதலில் குறிப்பேட்டில் ஏறும், பிறகே பேரேட்டுக்கு எடுத்தெழுதப்படும். பேரேடு எழுதும்போது பாதியில் நின்றுபோனாலும் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஃபேட் முறையில் இந்தக் குறிப்பேடு கிடையாது. நேராகப் பேரேட்டில்தான் எழுதும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கணக்கு பாதியில் நிற்கும். விண்டோஸ் 98 அடுத்த முறை கிளம்பும்போது ஸ்கேன்டிஸ்க்கை ஓடவிட்டது இதற்காகத்தான்.

1993-இல் விண்டோஸ் என்டி-யுடன் வந்த என்டிஎஃப்எஸ், மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 2001-இல் எக்ஸ்பி வழியாக அது வீடுகளுக்கு வந்தது. ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. இந்தக் குறிப்பேடு காப்பது பதிவேட்டின் ஒழுங்கை மட்டுமே. சேமிக்காத கடிதத்தை அது திருப்பித் தராது.

பார்ட்டிஷன் டேபிளுக்கும் விமோசனம் வந்தது. இன்டெலின் இஎஃப்ஐ திட்டத்தில் பிறந்த ஜிபிடி முறையில் 4 வரிகளுக்குப் பதிலாக வழக்கமாக 128 வரிகள். எக்ஸ்டெண்டட் சங்கிலி தேவையில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு பிரதிகள். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போல, அட்டவணை கெடவில்லையா என்று சோதிக்க ஒரு சரிபார்ப்பு எண். முதல் செக்டரில் ஒரு போலி எம்பிஆரும் உண்டு. பழைய மென்பொருள் எதுவும் "இந்த டிஸ்க் காலி" என்று தப்பாக நினைத்துவிடக்கூடாதே!

கிடங்கே எரிந்தால்

இதுவரை சொன்னது பதிவேடு கெடுவது. கிடங்கே கெடுவது வேறு. தட்டுக்கு மேல் மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் ஹெட் தட்டில் உரசினால், அந்த இடத்தில் இருந்த தகவல் துகளாகிவிடும். 2000-இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி டிஸ்க்குகள் பழுதாவது குறித்து 2001-இல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. பயனாளர்கள் அதற்கு "டெத்ஸ்டார்" என்று பட்டம் சூட்டினார்கள்.

முன்கூட்டியே எச்சரிக்க ஸ்மார்ட் என்ற வசதி 1990-களில் வந்தது. அதையும் முழுதாக நம்ப முடியாது. கூகுள் தன்னிடம் இருந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டது. பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலை தவிர வேறு எந்த ஸ்மார்ட் அளவிலும் எச்சரிக்கை காட்டாமலேயே போயிருந்தன. அதே சமயம் முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். எச்சரிக்கை வந்தால் நம்பலாம், வராததை நம்பக்கூடாது.

எனவே முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். பயாஸுக்கே டிஸ்க் தெரியவில்லை என்றால் கேபிள், பவர் இணைப்பு அல்லது டிஸ்க்கின் மின்சுற்றைச் சந்தேகிக்கலாம். பயாஸுக்குத் தெரிந்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் "அன்அலோகேட்டட்" அல்லது "ரா" என்று காட்டினால் பெரும்பாலும் பதிவேட்டுப் பிரச்சினை. எல்லாம் சரியாக இருந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால், ஒரு எழுத்தைக் கொடுத்தாலே போதும். டிஸ்க் டிக் டிக் என்று தட்டும் ஓசை எழுப்பினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதில் செக்டிஸ்க் ஓட்டுவது எரிகிற வீட்டில் அலமாரியை ஒழுங்குபடுத்துவது போல. எந்த நிலையிலும் கெட்ட டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. முதலில் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகல் எடுத்து, மீட்பு வேலையை அந்த நகலில் செய்ய வேண்டும்.

சுருங்கும் இடைவெளி

"அழித்தாலும் உள்ளே இருக்கும்" என்ற பழைய தைரியம் இன்று அவ்வளவாகச் செல்லாது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் முழு பார்மட் செய்தாலும் அது டிஸ்க்கைப் படித்துச் சோதிக்கும், பழைய தகவலின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். 2007-இல் வீடுகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்து அதே முழு பார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. கட்டளையின் பெயர் மாறவில்லை, விளைவு அடியோடு மாறிவிட்டது.

அடுத்த மாற்றம் எஸ்எஸ்டி. அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தில் நேரடியாக மேலெழுத முடியாது, முதலில் துடைக்க வேண்டும். அதனால் 2009-இல் வந்த விண்டோஸ் 7, எந்த இடம் காலி என்பதை டிரிம் கட்டளை மூலம் எஸ்எஸ்டிக்கு உடனே சொல்லிவிடுகிறது. பைலை அழித்தாலோ குவிக் பார்மட் செய்தாலோ எஸ்எஸ்டி தானாகவே அந்த இடத்தைத் துடைத்துவிடும். பதிவேட்டில் கோடு அடித்ததும் கூலியாள் மூட்டையையும் வெளியே தூக்கிப் போடுவது போல. பார்ட்டிஷன் டேபிள் தானாகக் கெட்டிருந்தால் இன்னும் மீட்க வாய்ப்பு உண்டு. பதற்றத்தில் "யெஸ்" அழுத்திய பின் அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது, பூட்டு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புதிதாக நிறுவப்படும் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கைத் தானாகவே என்கிரிப்ட் செய்கிறது. திருடனிடமிருந்து நல்ல பாதுகாப்பு. ஆனால் மீட்புச் சாவி இல்லாவிட்டால் உரிமையாளரும் திருடனும் ஒன்றுதான். மூட்டை இருக்கும், பிரிக்க முடியாது.

பதிவேட்டைத் திரும்ப எழுதிச் சரக்கை மீட்கலாம் என்ற காலம் மெல்ல முடிந்துவருகிறது. இனிச் சரக்கையே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்பதுதான் வழி. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி எளிமையானது: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 பிரதி வீட்டுக்கு வெளியே. ஒரே டிஸ்க்கில் சி-யிலிருந்து டி-க்கு காப்பி செய்வது இந்தக் கணக்கில் சேராது. இரண்டும் ஒரே கிடங்கின் இரண்டு அறைகள், கூரை ஒன்றுதான். என்கிரிப்ஷன் சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப்பில் உள்ள ஏதாவது ஒரு புகைப்படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.